போர்க்கள மருத்துவமும் பொய்க்களப் பயிற்சியும்

(நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியம் பற்றிப் பேசப் புலவர் ஒருவரும், இசை பற்றிப் பேச அம்மையார் ஒருவரும் இவ்விழாவிற்கு வந்திருக்க, மெட்ரிகுலேஷனுக்கு மேல் ஒரு படியும் ஏறாத இரயில்வே எழுத்தராகிய நம்மையும் மேடையில் நிறுத்திய செயலாளரின் துணிவை மெச்சுகின்றோம். டெமரேஜ் கணக்கு எழுதும் கைக்கு இராணுவ மருத்துவத்தைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று கேட்பீர்கள். உரிமை யாதொன்றும் இல்லை. ஒரு வெட்கம் மட்டும் உண்டு. முதற்கண் அதனைச் சொல்லிவிடுகின்றோம்.

மூன்றாண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. மார்கழி மாதம், விடியற்காலம். இந்த வட்டாரத்து மூடுபனியை நீங்கள் அறிவீர்கள். பிளாட்பாரத்தின் ஒரு தூணிலிருந்து மறு தூண் தெரியாது. எந்த நிலையம் என்பது வேண்டா. தேநீர் விற்பவர் ஒருவர் நகரத் தொடங்கிய வண்டியில் ஏற முயன்று, கால் இடறி இடைவெளியில் வீழ்ந்தார். சங்கிலியை இழுத்தனர், வண்டி நின்றது. அவரைத் தூக்கிப் பிளாட்பாரத்தில் கிடத்தினார்கள். ஒரு காலின் முழங்காலுக்குக் கீழே இருந்த நிலையைத் தாய்மார்கள் அமர்ந்துள்ள இவ்வவையில் விவரிக்க விரும்பவில்லை. குருதி பாய்ந்தது என்றால் போதும். ஒழுகவில்லை, பாய்ந்தது.

முதலுதவிச் சான்றிதழ் பெற்றவர்களில் நாமும் ஒருவர். நம் வீட்டுச் சுவரில், மாமனார் படத்துக்கு அருகே, அது இன்றும் சட்டமிட்டுத் தொங்குகின்றது. முக்கோணக் கட்டுத்துணியை எவ்வாறு மடிப்பது, தூளிக்கட்டு எவ்வாறு இடுவது என்பனவெல்லாம் நமக்குப் பாடம். தேர்வு நாளன்று உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் சிரித்துக்கொண்டே காலை நீட்டிப் படுத்திருக்க, நாம் இட்ட கட்டைத் தேர்வாளர் பாராட்டினார். அத்தகைய நாம் அன்று அத்தேநீர்க்காரரின் தலைமாட்டில் நின்றோம். அறிவு எல்லாவற்றையும் சொல்லிற்று. கை எழவில்லை. எத்தனை நேரம் அவ்வாறு நின்றோம் என்று இன்றுவரை கணக்கிட இயலவில்லை. ஒரு நிமிடமும் இருக்கலாம், மூன்றும் இருக்கலாம்.

அப்போது கறுப்பு டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாக விடுமுறையில் ஊர் செல்லவிருந்த இராணுவச் சிப்பாய் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். போர்ட்டர் ஒருவரின் தோளிலிருந்த துண்டை உருவினார். தொடையைச் சுற்றி இறுகக் கட்டினார். முடிச்சினுள் ஒரு மரக்கரண்டிக் காம்பைச் செருகித் திருகினார். குருதி நிற்கும்வரை திருகினார். அடிபட்டவர் வலியால் அலறினார்; சிப்பாய் முகத்தில் மாற்றம் இல்லை. பின்னர், நம் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேளாமலே எடுத்து, அம்மனிதரின் நெற்றியில் ஆங்கில எழுத்து ‘டி’யையும் 5.40 என்னும் நேரத்தையும் எழுதினார். கட்டு எப்போது இடப்பட்டது என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டுமாம். அன்றைய முதலுதவியில் நமது பங்கு அந்தப் பேனா ஒன்றே.

தேநீர்க்காரர் பிழைத்தார். கால் போயிற்று, உயிர் நின்றது. இப்போது உட்கார்ந்தபடியே கடை நடத்துகின்றார்.

சிப்பாயின் வண்டி அன்று நான்கு மணி நேரம் தாமதம். மூடுபனிக்கு நாம் நன்றி சொன்ன நாள் அது ஒன்றுதான். அவருடன் அமர்ந்து பேச நேரம் வாய்த்தது. “உங்கள் கை நடுங்கவில்லையே, எப்படி?” என்று கேட்டோம். அவர் இந்தியில் சொன்ன விடை இது: “பாபுஜி, உங்களுக்கு இது முதல் தடவை. எனக்கு ஐம்பதாவது இருக்கும். அந்த ஐம்பதில் நாற்பத்தெட்டு பொம்மை.”

அவர் இராணுவ மருத்துவப் படையைச் சேர்ந்த மருத்துவ உதவியாளர். பயிற்சி பெற்றது வேறெங்குமன்று, நம் லக்னோ நகரில். 1943-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் உருப்பெற்ற அப்படையின் பயிற்சி மையம் இங்கேதான் உள்ளது. அதன் மதிலோரமாக நாமெல்லாம் காய்கறி வாங்கச் சென்று வருகின்றோம். உள்ளே என்ன கற்பிக்கின்றார்கள் என்று ஒரு நாளும் எண்ணியதில்லை.

சென்ற ஆண்டு நம் காலனிப் பிள்ளை ஒருவன் அதே படையில் சேர்ந்தான். அவன் தாயார் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். சென்ற மாதம் அவர் நம் இல்லத்துக்கு வந்து, “அண்ணா, பொம்மைக்குக் கட்டுப் போட்டுப் பழகுகிறானாம். அமெரிக்காவில் கண்ணாடி மாட்டிக்கொண்டு சினிமா போலப் பார்த்தே சிகிச்சை கற்கிறார்கள் என்றும் சொல்கிறான். பொய்யில் படித்தவன் மெய்யில் என்ன செய்வான்?” என்று கேட்டார். நாம் உடனே விடை சொல்லவில்லை. நம் வெட்கத்துக்கும் அவர் கேள்விக்கும் தொடர்பு இருப்பதாகத் தோன்றிற்று. அன்றுமுதல் கிடைத்ததையெல்லாம் படித்தோம். அதன் பயனே இவ்வுரை.

பொய்யில் மெய்யைக் கற்பிக்கும் வழக்கம் மருத்துவர்களிடமிருந்து தொடங்கவில்லை, விமானிகளிடமிருந்து தொடங்கியது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவரின் குடும்பத் தொழில் ஆர்கன் என்னும் இசைக்கருவி செய்தல். அக்கருவியின் துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் கொண்டே, தரையில் நின்றபடி சாய்ந்தும் திரும்பியும் ஆடும் ஒரு விமானப் பொறியை 1929-இல் அவர் அமைத்தார். எவரும் பெரிதாக மதிக்கவில்லை. கேளிக்கைப் பூங்காக்களில் காசு போட்டு ஆடும் பொருளாக அது கிடந்தது. 1934-இல் அமெரிக்கப் படையின் விமானிகள் தபால் சுமக்கப் பணிக்கப்பட்டு, பனியிலும் இருளிலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கத் தெரியாமல் சில வாரங்களில் அடுத்தடுத்து மடிந்தனர். அதன் பின்னரே படையினர் லிங்கின் பொறிகள் ஆறினை வாங்கினர். உயிர்கள் போன பிறகுதான் பொம்மைக்கு மதிப்பு வந்தது. நம் இரயில்வேயிலும் இன்று எஞ்சின் ஓட்டுநர்களுக்குச் சிமுலேட்டர் உண்டு. பனியில் சிக்னல் தெரியாத நிலையைப் பொய்யாகவே காட்டிப் பழக்குகின்றார்கள். ஓட்டுநர் நண்பர்கள் இங்கு இருக்கின்றார்கள், மேலும் விவரம் வேண்டுவோர் அவர்களைக் கேட்கலாம்.

மருத்துவத்தில் பொம்மையைப் புகுத்தியவர், சொல்லப்போனால், பொம்மைக்காரரேதான். நார்வே நாட்டின் ஸ்டாவஞ்சர் நகரத்து அஸ்முந்த் லேர்டால் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் செய்து விற்றவர். மூச்சு ஊதி உயிர்ப்பிக்கும் முறையை மக்கள் பழக, 1960-இல் ‘ஆன்’ என்னும் பெண்ணுருவப் பொம்மையைச் செய்தார். உலகெங்கும் எத்தனையோ பேர் அப்பொம்மையின் வாயில் ஊதியே உயிர் காக்கும் வித்தையைக் கற்றனர்.

இனிக் கண்ணாடிக்கு வருவோம். 1968-இல் ஐவன் சதர்லாந்து என்னும் அறிஞர் தலையில் அணியும் காட்சிக் கருவியொன்றைச் செய்தார். அது கனத்தினால் விட்டத்திலிருந்து தொங்கவிடப்பட்டிருந்தது. இன்றைய கருவியோ ஒரு பெரிய மூக்குக்கண்ணாடியளவே. இரு கண்களுக்கு முன்னும் சிறு திரைகள். நீங்கள் தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். குனிந்தால் தரை தெரியும். காதில் அவ்விடத்து ஒலி. கையில் பிடித்த கருவியின் அசைவு காட்சியில் கையின் அசைவாகும். இதனை ‘வர்ச்சுவல் ரியாலிட்டி’ என்கின்றனர். தமிழில் ‘மெய்ந்நிகர்’ என வழங்குகின்றது. மெய்யன்று, மெய்க்கு நிகர். பெயர் வைத்தவர் வாழ்க.

இதனைப் போர்க்கள மருத்துவத்திற்கு ஏன் கொண்டுவந்தனர்? இவ்விடத்தில் சற்று நின்று கூற வேண்டியுள்ளது.

வளர்ந்த மனிதன் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி உண்டு. தொடைப் பெருந்தமனி அறுபட்டால் உயிர் போகச் சில நிமிடங்கள் போதும். 2001 முதல் 2011 வரை ஆப்கானிஸ்தானத்திலும் ஈராக்கிலும் காயமுற்று இறந்த அமெரிக்கப் படையினர் 4,596 பேரின் குறிப்புகளை அந்நாட்டு இராணுவ மருத்துவர்கள் ஆராய்ந்து 2012-இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 87 பேர் மருத்துவமனையை அடையுமுன்னரே இறந்திருந்தனர். அவ்வாறு இறந்தவருள் 976 பேரைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு இருந்தது என்று கண்டனர். அந்த 976 பேரில் நூற்றுக்கு 91 பேர் இறந்தது குருதிப் பெருக்கினால். ஆழ்ந்த மருத்துவக் கல்வியோ பெரிய அறுவைக் கூடமோ அன்று, முதற் சில நிமிடங்களில் அருகிலிருந்தவரின் கைகளே பலருக்கு வேண்டியிருந்தன.

ஈராக்கின் பாக்தாத் நகர இராணுவ மருத்துவமனையில் எடுத்த இன்னொரு கணக்கும் உண்டு. இறுக்குக்கட்டு இடப்பட்டவர்கள் 232 பேர். குருதி குன்றி அதிர்ச்சி நிலைக்குச் செல்லுமுன் கட்டு இடப்பட்டவருள் நூற்றுக்கு 90 பேர் பிழைத்தனர். அந்நிலைக்குச் சென்றபின் இடப்பட்டவருள் நூற்றுக்குப் பத்துப் பேரே பிழைத்தனர். அதே கட்டு, அதே துணி. இடையில் இருப்பது சில நிமிடத் தயக்கம். இக்கணக்கைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை என்பதை ஒளிப்பானேன்?

மறுபக்கமும் ஒன்று உண்டு. அதே போர்களில் ‘ரேஞ்சர்’ எனப்படும் படைப்பிரிவினர், மருத்துவ உதவியாளருக்கு மட்டுமன்றித் தம்முள் ஒவ்வொருவருக்கும் இம்முதலுதவியைக் கற்பித்துத் திரும்பத் திரும்பப் பழக்கினர். ஒவ்வொருவர் என்றால் எழுத்தரும் அடங்குவார் என்க. ஏறத்தாழ எட்டரை ஆண்டுகளில் அவர்களுள் 419 பேர் காயமுற்றனர். 32 பேர் மாண்டனர். களத்திலேயே தடுத்திருக்கக்கூடிய காரணத்தால் மாண்டவர் ஒருவரும் இல்லை என்று 2011-இல் பதிவு செய்தனர்.

இத்தகைய பழக்கத்தைத் தருவதற்கே பொய்க்களம். அமெரிக்க முப்படைகளின் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு மேரிலாந்து மாநிலத்தில் ஒரு பயிற்சி மையம் உண்டு. அதில் ஓர் அகன்ற கூடத்தைச் சுற்றிலும் பெருந்திரைகள். மாணவர் உள்ளே நுழைந்தால் பாலைநிலத்துச் சிற்றூர் ஒன்று அவரைச் சூழ்ந்துகொள்ளும். துப்பாக்கி முழக்கம், ஹெலிகாப்டர் இரைச்சல். தரையில் கிடப்பதோ பொம்மை, திரையின் படமன்று. அதனைத் தொட்டுத் தூக்க வேண்டும், கட்ட வேண்டும். தலைக் கண்ணாடி அணிந்து பழகும் முறையில் பொம்மையும் இல்லை. காயமுற்றவரே காட்சிக்குள் இருப்பார். அவரது நாடித் துடிப்பையும் குருதி அழுத்தத்தையும் மூச்சையும் கணினி கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். மாணவர் கட்டு இட்டால் அழுத்தம் நிற்கும், தயங்கினால் இறங்கும், மிகத் தயங்கினால் அவர் கண்முன்னே இறப்பார். ஆசிரியர் ஒரு பொத்தானைத் தட்டி இரவாக்கலாம், மழையாக்கலாம், ஒருவர் கிடந்த இடத்தில் எட்டுப் பேரைக் கிடத்தலாம். எட்டுப் பேரில் யாரை முதலில் தொடுவது? உரக்க அலறுபவரையா, ஓசையின்றிக் கிடப்பவரையா? அலறுபவருக்கு மூச்சு இருக்கின்றது என்பது அலறலிலிருந்தே தெரியும். ஓசையற்றவரைப் பார்ப்பதே பெரும்பாலும் முதல் வேலை. கேட்கும்போது எளிது. பிளாட்பாரத்தில் நின்றவர்க்குத் தெரியும் அதன் கடினம்.

பொய்யில் இறந்தவர் பொய்யாகவே எழுந்து வருவார். பயிற்சி மீண்டும் தொடங்கும். இந்த ஒரு வசதியை மெய்க்களம் எவர்க்கும் தருவதில்லை.

இதனால் பயனுண்டா என்று அம்மையார் கேட்பது நியாயம். அறுவை மருத்துவத்தில் ஒரு சோதனை செய்திருக்கின்றனர். பயிற்சி நிலை மருத்துவர் 16 பேரை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூற்றினருக்கு மட்டும் மெய்ந்நிகர்க் கருவியில் பழக்கம் அளித்து, பின்னர் அனைவரையும் உண்மையான நோயாளிக்குப் பித்தப்பை அறுவை செய்யவிட்டனர். முடிவு 2002-இல் வெளிவந்தது. கருவியில் பழகியோர் நூற்றுக்கு 29 பங்கு விரைவாக முடித்தனர். பழகாதவர், பித்தப்பைக்கோ அருகிலுள்ள உறுப்புக்கோ ஊறு செய்ய ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. பதினாறு பேர் சிறு எண்ணிக்கைதான். எனினும் செய்தது நேர்மையான சோதனை. பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு எவர் எக்கூறு என்று சொல்லப்படவில்லை.

கருவியின் குறைகளையும் மறைக்கலாகாது. காட்சிக்குள் இருக்கும் குருதி வெதுவெதுப்பாக இராது, கை வழுக்காது. தசையை இறுக்கும்போது விரலில் எழும் எதிர்ப்பைக் கண்ணாடி தராது. அதற்கெனச் செய்யப்பட்ட கையுறைகளும் இன்னும் நிறைவு பெறவில்லை. சிலருக்குக் கண்ணாடி அணிந்த சிறிது நேரத்தில் தலை சுற்றி வாந்தி வரும், மலைப்பாதைப் பேருந்தில் செல்வது போல. ஆகவே எண்ணித் துணியும் பழக்கத்துக்குக் கண்ணாடியும், கையின் பழக்கத்துக்குப் பொம்மையும், மனிதக் கூக்குரலுக்குச் சாயம் பூசிக் காயமுற்றவராக நடிக்கும் ஆட்களும் என மூன்றையும் கலந்தே பயிற்றுவிக்கின்றனர். நமது கருத்தைக் கேட்டால், மூன்றனுள் ஒன்றைத்தான் வாங்கப் பணமுண்டு என்றால் பொம்மையையே வாங்கலாம். கண்ணாடி புதுமையானது, புதுமையை வாங்கி அலமாரியில் பூட்டிவைக்கும் அலுவலகங்களை நாம் பார்த்திருக்கின்றோம்.

இதே கருவி போருக்குப் பின்னும் உதவுகின்றது. களத்தில் கண்டவற்றால் மனம் உடைந்து, உறக்கமின்றித் தவிக்கும் வீரரைக் கண்ணாடியின் வழியே அதே தெருவுக்கு, அதே வண்டிக்குள், மருத்துவரின் துணையோடு சிறிது சிறிதாக மீண்டும் அழைத்துச் சென்று அச்சத்தைத் தணிக்கும் சிகிச்சையை ஈராக் போர்க் காலத்தில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் தொடங்கினர்.

நம்மவர் கதை ஒன்று சொல்லாமல் அமர மனமில்லை. இது நம் இரயில்வே காலனிக்கே உரிய கதை.

1950-இல் கொரியப் போருக்கு நம் நாடு படை அனுப்பவில்லை. ஒரு மருத்துவப் பிரிவை அனுப்பிற்று. 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு என்பது அதன் பெயர். தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ், நம் தமிழர். 1941-இல் இந்தியப் படையினருள் முதன்முதல் விமானத்திலிருந்து வான்குடையோடு குதித்த இருவருள் ஒருவர். 1950 டிசம்பரில் சீனப் படை பெருகி வர, பியாங்யாங் நகரைவிட்டு அனைவரும் பின்வாங்கினர். கருவிகளை எரித்துவிட்டு வருக என்று ஆணை. சுமந்து செல்ல வண்டி இல்லை. கருவியின்றி மருத்துவப் பிரிவு எதற்கு என்று ரங்கராஜ் இசையவில்லை. தேடியபோது கைவிடப்பட்ட நீராவி எஞ்சின் ஒன்றும் சில பெட்டிகளும் கண்ணில் பட்டன. வாளி வாளியாகக் கைமாற்றி நீர் நிரப்பினார்கள், விறகு திரட்டினார்கள், எஞ்சின் பழக்கம் சிறிதுள்ள வீரர்கள் அதனை இயக்கினார்கள். பாலத்தை வெடிவைத்துத் தகர்ப்பதற்குச் சற்று முன் அவ்வண்டி ஆற்றைக் கடந்தது. சீயோல் வந்து சேர்ந்தார்கள். காத்த கருவிகளோடு பணியைத் தொடர்ந்தார்கள். 1951 மார்ச் 23-இல் ரங்கராஜும் அவர் குழுவினரும் அமெரிக்க வான்குடைப் படையோடு முன்சான்-நி என்னுமிடத்தில் குதித்துக் களத்திலேயே அறுவை செய்தனர். அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது.

இதைக் கூறக் காரணம் உண்டு. நீர் நிரப்பி எஞ்சினை ஓட்டும் பாடம் எந்த மருத்துவப் பயிற்சியிலும் இராது. எந்தக் கண்ணாடியிலும் அக்காட்சி வாராது. ஆயினும் வான்குடையில் குதிக்கக் கற்றவர்கள் முதலில் தரையில், மேடையிலிருந்து, நூறு முறை பொய்யாகக் குதித்தே கற்றவர்கள். பழகிய வேலைக்குக் கை தானே செல்லும்போது, பழகாததை எண்ண அறிவுக்கு ஓய்வு கிடைக்கின்றது போலும். அன்று அச்சிப்பாய்க்குத் துண்டு தேடவும் கரண்டிக் காம்பைக் காணவும் கண் இருந்தது. நமக்கு இருந்தது கால் மட்டுமே, அதுவும் ஓரிடத்தில் நின்ற கால். அம்மா, உங்கள் கேள்விக்கு இதுவே நம் விடை. உங்கள் மகன் பொம்மைக்குக் கட்டுகின்றானே என்று வருந்தாதீர்கள். அதிகமாகக் கட்டட்டும்.

இனி ஓர் அறிவிப்பு. செயலாளரின் இசைவு பெற்றதே. வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு இதே மன்றத்தில், முதலுதவி ஆசிரியர் ஒருவர் வருகின்றார். கடையில் பயனற்றுக் கிடந்த துணிக்கடைப் பொம்மையின் கால் ஒன்றை அன்பர் ஒருவர் தந்துள்ளார். அதனுள் இரப்பர்க் குழாய் செலுத்திச் சிவப்புச் சாய நீர் பாய ஏற்பாடு செய்துள்ளோம். குழாய் சற்றே ஒழுகுகின்றது, ஞாயிறுக்குள் சரியாகிவிடும். வருவோர் வீட்டிலிருந்து பழைய வேட்டித் துணி நான்கு விரல் அகலத்தில் கிழித்து ஒரு துண்டும், உறுதியான கரண்டிக் காம்பு ஒன்றும் கொணர்க. வெள்ளைச் சட்டை வேண்டா. காயத்துக்கு மேலே நான்கு விரல் விட்டு, மூட்டின் மேல் படாமல், குருதி நிற்கும்வரை திருகி, நேரத்தை எழுத வேண்டும். ஒவ்வொருவரும் குறைந்தது பத்து முறை செய்தாக வேண்டும். முதலாவதாக நாம் செய்கின்றோம். பேனாவும் நாமே கொண்டு வருவோம்.